தரையிலிருந்து ஒன்றரை அடி

வியாழன், திருப்புடைமருதூர்

டென்ட் குளிர்நாட்டுக்காரர்களுக்காகச் செய்த சாமான் என்பது என்னுடைய பழைய புகார். நாலு பக்கமும் நைலான் துணி, அதற்கு மேல் இன்னொரு துணி, உள்ளே நாம் விட்ட மூச்சு. பங்குனி, சித்திரையில் நம் பக்கம் ராத்திரி பதினோரு மணிக்கும் சுவர் சுடும். அந்த நேரத்தில் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு டென்ட்டுக்குள் படுக்க ஏதாவது வேண்டுதல் இருந்தால்தான் முடியும். திறந்து வைத்தால் கொசு. ஆற்றோரம் போட்டால் அடியில் ஈரம், மலையடியில் போட்டால் முதுகுக்குக் கீழே கல், தெற்கே போனால் உடைமுள். இவ்வளவுக்கும் சேர்த்துத் தோளில் மூன்று கிலோ.

அதனால் இந்தத் தடவை ஹேமக். இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிப் படுக்கிற தொங்கு படுக்கை. கிளம்புமுன் லக்கேஜ் தராசில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். இரண்டு பேர் படுக்கிற பழைய டென்ட், கம்பி, முளை எல்லாம் சேர்த்து 3 கிலோ 200 கிராம். ஹேமக் துணி 520 கிராம், மரத்தில் சுற்றும் பட்டை ஒரு ஜோடி 300, மேலே கட்டுகிற மெல்லிய நைலான் தார்ப்பாய் 680, கொசுவலை 250, கயிறும் முளையும் 180. ஆக 1 கிலோ 930. ஒன்றேகால் கிலோ மிச்சம். எடையைவிடப் பையில் கிடைத்த இடம்தான் எனக்குப் பெரிய லாபமாகத் தெரிந்தது. நீளக் கம்பி கிடையாது, எல்லாம் துணி, எந்த மூலையிலும் திணிக்கலாம்.

அக்கா மகனும் கூட வருகிறான். கல்லூரியில் இரண்டாம் வருஷம். பழைய டென்ட்டை அவன் எடுத்துக்கொண்டான். "நீங்க தொங்குங்க மாமா, நான் தரையில கெடக்கேன். யாரு நல்லாத் தூங்குதான்னு பாப்போம்." பந்தயமே ஆகிவிட்டது.

வீரவநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோவில் வந்தோம். கடனாநதி தாமிரபரணியில் வந்து சேரும் ஊர் இது. நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் இருக்கும் ஓவியங்களையும் மரச்சிற்பங்களையும் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்றைய கதை நின்றுவிடும், அதனால் விடுகிறேன். மருத மரத்தைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். ஸ்ரீசைலம் தலைமருது, கும்பகோணத்துப் பக்கம் திருவிடைமருதூர் இடைமருது, இது புடைமருது. மூன்றுக்கும் மருதமே தல மரம். தாமிரபரணிக் கரையில் மருதம் நிற்கிற நிலையைப் பார்த்தால் ஹேமக் கட்ட ஆசைப்படாமல் இருக்க முடியாது. வெளுத்த வழுவழுப்பான தண்டு, அடியில் புதர் கிடையாது, நல்ல நிழல். ஆனால் ஊரை ஒட்டிய மருத மரங்கள் நாரைக்கும் கொக்குக்கும் உரியவை. 2005-ல் இதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். ஊர்க்காரர்களும் சேர்ந்து காக்கிற இடம். அங்கே கயிறு கட்டுகிற பேச்சுக்கே இடமில்லை. எச்சமும் சும்மா விடாது.

நண்பர் ஒருவரின் சித்தப்பாவுக்கு ஆற்றிலிருந்து இரண்டு வயல் தள்ளித் தோப்பு இருக்கிறது. போன் போட்டுச் சொல்லியிருந்தார். காவலுக்கு இருந்த தாத்தா எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு முதலில் சொன்னது: "தென்னையில மட்டும் கெட்டிராதிய தம்பி. நெத்து விழுந்தா மண்டை போயிரும்." ஹேமக் பற்றி நான் படித்த எல்லாவற்றிலும் முதல் பாடம் இதுதான்: கட்டுவதற்கு முன் அண்ணாந்து பார். பட்ட கிளை, ஒடிந்து தொங்கும் சுள்ளி, காய், தேன்கூடு. தாத்தா எதையும் படிக்காமல் சொல்லிவிட்டார்.

ஓர் இலுப்பையும் ஒரு மருதமும் பதினைந்து அடி இடைவெளியில் கிடைத்தன. பட்டை என்பது ஓர் அங்குல அகலப் பாலியஸ்டர் நாடா. மெல்லிய கயிற்றைப் போட்டால் மரத்தோலில் வெட்டு விழும், அடுத்த தடவை தோப்புக்காரர் உள்ளே விடமாட்டார். தலை உயரத்தில் சுற்றி மாட்டினேன். படுக்கும்போது பட்டை 30 பாகை சாய்ந்திருக்க வேண்டும். ஆள்காட்டி விரலைத் தரைக்கு இணையாக நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்தி, இரண்டு நுனியையும் சேர்க்கிற கோட்டைக் கண்ணால் போட்டுப் பார்த்தால் அந்தச் சாய்வு கிடைக்கும். விறைப்பாக இழுத்துக் கட்டினால்தான் வசதி என்று யாருக்கும் தோன்றும். கணக்கு வேறு மாதிரி. என் எடை 72 கிலோ. 30 பாகையில் ஒவ்வொரு பட்டையும் தாங்குவது அதே 72 கிலோ. விறைத்து 10 பாகைக்குக் கொண்டுபோனால் ஒவ்வொன்றிலும் இழுவை 200 கிலோவைத் தாண்டிவிடும். தையல் பிரியும், சின்ன மரம் என்றால் வளையும், படுத்தவனுக்கு இரண்டு ஓரமும் தோளை நெருக்கும். அதற்காகத்தான் ஹேமக்கின் இரண்டு நுனிகளையும் தலைக்கு மேலே ஒரு தனிக் கயிறு இணைக்கிறது. துணியின் நீளத்தில் 83 சதவீதம் என்பது வழக்கமான அளவு. என் துணி 3.3 மீட்டர், கயிறு 2 மீட்டர் 74 சென்டிமீட்டர். மரங்கள் கிட்ட இருந்தாலும் தள்ளி இருந்தாலும் தொய்வு மாறாது. மூக்குக்கண்ணாடியும் டார்ச்சும் ராத்திரி தொங்குவது அதில்தான்.

தாத்தா எல்லாவற்றையும் பீடி அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வயசுல தொட்டிலா?" என்று கேட்கவில்லை. கேட்டது அவருடைய பேத்தி.

ஏறிப் படுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. நடுக்கோட்டில் நேராகப் படுத்தால் உடம்பு வில்லாக வளைந்து முழங்கால் வலிக்கும். தலையை ஒரு பக்கமும் காலை எதிர்ப்பக்கமும் தள்ளிக் குறுக்காகப் படுத்தால் துணி விரிந்து முதுகு நேராகிவிடும். நார் தளர்ந்த கயிற்றுக்கட்டிலில் நம் ஆட்கள் கோணலாகப் படுப்பது போலத்தான். தாத்தாவுக்கு இதைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஏறிப் படுத்துப் பார்க்கச் சொன்னதும் அவர் குறுக்காகத்தான் சாய்ந்தார், நான் இரண்டு நாள் வீட்டு மாடியில் பழகிய கோணத்தில்.

சாரம், அதாவது லுங்கி, கட்டிக்கொண்டு ஏறுவதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. முதலில் உட்கார வேண்டும், பிறகு சாரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவே சுருட்டிப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்க வேண்டும். வேறு முறைகள் தோப்பில் ஆள் இல்லாதபோது.

வெள்ளி, சிவசைலம் பக்கம்

நேற்று ராத்திரிக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன்.

தை மாதம், சுற்றிலும் பிசான நெல் பால் பிடித்து நிற்கிற வயல், பக்கத்தில் ஆறு. இரண்டு மணிக்கு மேல் பனி இறங்கியது. ஹேமக்கில் குளிர் வருவது கீழேயிருந்து. மேலே எவ்வளவு போர்த்தினாலும் முதுகுக்குக் கீழே இருப்பது ஒரு மெல்லிய துணி, அதற்கு அப்பால் ஓடுகிற காற்று. மெத்தென்ற பையை உள்ளே விரித்தாலும் உடம்பு பாரத்தில் அது அமுங்கிவிடும். அமுங்கிய பஞ்சில் காற்று இல்லை, காற்று இல்லாவிட்டால் கதகதப்பு இல்லை. மலைநாடுகளில் இதற்காகவே ஹேமக்குக்கு அடியில் ஒரு ரஜாயைத் தொங்கவிடுகிறார்கள். நமக்கு அது கூடுதல். என் ஹேமக் இரட்டைத் துணி. நடுவே யோகாவுக்கு விரிக்கிற ஃபோம் பாயைச் செருகிவிட்டேன். துணிக்கு மேலே விரித்தால் வழுக்கிக்கொண்டு வெளியே போகும், நடுவில் வைத்தால் அடங்கிக் கிடக்கும். அதே பாய்தான் கொசுவுக்கும் மருந்து. வலை மேலே இருந்தாலும் ஒற்றைத் துணி ஹேமக்கில் கொசு அடியிலிருந்து துணியோடு சேர்த்துக் கடிக்கும். பாய் எட்டாத முழங்கை ஓரத்தில் மட்டும் எனக்குச் சில தடிப்புகள்.

மாப்பிள்ளை காலையில் டென்ட்டிலிருந்து நனைந்த தலையோடு வந்தான். குளித்துவிட்டான் என்று நினைத்தேன். மேல்துணியின் உள்பக்கம் முழுக்க நீர் முத்து. ராத்திரி அவன் விட்ட மூச்சு குளிர்ந்து துணியில் ஒட்டி, கைபட்டதும் கொட்டியிருக்கிறது. மடித்துப் பைக்குள் வைத்தபோது டென்ட் எடை கூடியிருந்ததாகச் சொன்னான். என் தார்ப்பாயின் மேல்பக்கம்தான் பனி. நாலு பக்கமும் திறப்பு, உள்பக்கம் காய்ந்த சருகு.

பஸ்ஸில் அம்பை, அங்கிருந்து பாபநாசம். படித்துறையில் குளியல். தண்ணீர் எலும்பைத் தொட்டது. மேலே காரையாறு போகலாம் என்றான் மாப்பிள்ளை. பகலில் போய் வரலாம், ஆனால் செக்போஸ்ட்டைத் தாண்டினால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988 முதல் அந்தப் பெயரில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் காட்டுக்குள் ராத்தங்கல் கிடையாது, டென்ட்டோ ஹேமக்கோ ஒன்றுதான். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடில் போட்டுத் தங்குவது நம் ஜில்லாவின் பெரிய முகாம். சின்ன வயதில் நானும் அந்தக் குடில்களில் புரண்டவன். அதற்கும் இப்போது நாள் கணக்கு, வண்டிக் கணக்கு எல்லாம் வந்துவிட்டது. புலிக்கும் யானைக்கும் நடுவே போய்த் தொங்கிவிட்டுப் படம் எடுத்துப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது தைரியம் அல்ல, அபராதத்துக்கும் ஆபத்துக்கும் வரிசையில் நிற்பது.

அதனால் காட்டுக்கு வெளியே, ஆழ்வார்குறிச்சியைத் தாண்டி மலையடியில் ஒரு மாந்தோப்பு. தெரிந்தவர்களின் தெரிந்தவர்கள். நடுவே வீடு, சுற்றிலும் வேலி. வீட்டுக்கார அண்ணாச்சி ஒரே நிபந்தனை போட்டார்: லைட் வெளிச்சம் விழுகிற தூரத்துக்குள்தான் படுக்க வேண்டும். கரடி இறங்குகிற பக்கம். பன்றி தினமும் வரும். தரையில் கிடக்கிறவன், தொங்குகிறவன் என்று கரடி பிரித்துப் பார்க்காது என்றார். நியாயம்தான்.

இங்கேதான் ஒரு விஷயம் மண்டையில் ஏறியது. டென்ட் போடுவதற்குக் கொஞ்சம் தரை போதும். பல இடங்களில் யாரிடமும் கேட்காமல் இருட்டியபின் போட்டு விடியுமுன் கிளப்பியிருக்கிறேன். ஹேமக்குக்கு மரம் வேண்டும். நம் பக்கம் ஆளில்லாத மரமே கிடையாது. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சொந்தக்காரர், ஒரு பேர், ஒரு வரலாறு, ஒரு பஞ்சாயத்து.

மாமரம் எல்லாம் பூத்து நிற்கிறது. "பட்டை கெட்டி ஆடினா பூ கொட்டும் தம்பி" என்று அண்ணாச்சி மறுத்துவிட்டார். பூ கொட்டாவிட்டாலும் நான் கட்டியிருக்க மாட்டேன்: இலைகளைச் சேர்த்துத் தைத்த முசுறு எறும்புக் கூடு கிளைக்குக் கிளை. முசுறுக்குப் பட்டை ஒரு நல்ல பாலம். வரிசையாக நடந்து நேரே கழுத்துக்கு வந்துவிடும். மிச்சம் இருந்தது மோட்டார் ரூமுக்கு அந்தப் பக்கம் ஒரு வேம்பும் ஒரு புளியும். அளவெடுத்ததுபோல் இடைவெளி.

அண்ணாச்சியின் அம்மா திண்ணையிலிருந்து இறங்கி வந்துவிட்டார்கள். "எய்யா, புளியமரத்துல போயி ராத்திரி படுப்பாவளா? ஒங்க வீட்டுல பெரியவுக யாரும் இல்லியா?" புளியமரத்தடியில் பட்டும் படாமலும் தூங்கியவர்களுக்கு நேர்ந்தது பற்றி ஆச்சியிடம் நிறையக் கதைகள் இருந்தன. அண்ணாச்சி சிரித்தார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை, அவன் டென்ட்டை இன்னும் பத்தடி தள்ளிப் போட்டான். "ஒரு பக்கம்தான் புளி ஆச்சி, தலை வேம்புப் பக்கம்" என்று நான் சமாதானம் சொன்னேன். ஆச்சி அதை யோசித்து, தலை வேம்புப் பக்கம் என்பதை ஏற்றுக்கொண்டு, உள்ளே போய்த் திருநீறு எடுத்துவந்து புளியமரத்தில் சுற்றிய பட்டையின் மேல் மூன்று விரலால் இழுத்துவிட்டார்கள். வேப்பங்கொத்து ஒன்று என் கால்மாட்டில். சொல்லக் கூடாது, கால்மாட்டில் செருகிய வேப்பிலைக்குக் கொசு கொஞ்சம் குறைந்தது மாதிரிதான் இருந்தது. அல்லது மலைக்காற்று.

விடிகாலையில் ஒரு சின்னத் தூறல். மழையில் ஹேமக்காரனைக் கவிழ்ப்பது மேலே விழுகிற தண்ணீர் அல்ல. மரத்தண்டு வழியாக வழிந்து, பட்டை வழியாக ஓடி, கடைசியில் படுக்கைக்கே வந்து சேர்கிற தண்ணீர். பட்டையில், தார்ப்பாயின் நிழலுக்குள், ஒரு சாண் சணல் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். தண்ணீர் அங்கே வந்ததும் கயிற்றில் இறங்கிச் சொட்டிவிடும். டார்ச்சை அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பட்டையின் கீழ்விளிம்பில் ஒரு துளி ஊர்ந்து வந்தது, சணல் முடிச்சில் தயங்கியது, பெருத்தது, நூல் வழியே இறங்கித் தரையில் விழுந்தது. அடுத்த துளி. சணலுக்கு இந்தப் பக்கம் பட்டை உலர்ந்தே இருந்தது, ஆச்சியின் திருநீறு கரைந்து அந்தப் பக்கம் வெள்ளைக் கோடாக ஓடியபோதும்.

சனி, திருக்குறுங்குடி, ஏர்வாடி

இன்று சுருக்கமாக. சேரன்மகாதேவி வழியாகக் களக்காடு வந்து, திருக்குறுங்குடியில் நம்பியைச் சேவித்துவிட்டு, மரம் தேடினோம். எங்கு பார்த்தாலும் வாழை. களக்காட்டிலிருந்து ஏர்வாடி வரை கண்ணுக்கு எட்டியவரை ஏத்தனும் ரசதாளியும். வாழைத்தார் பாரத்துக்கே அதற்குக் கம்பு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள், இதில் 72 கிலோ ஆளைக் கட்டுவது எங்கே. மலைநம்பி கோயில் பக்கம் மரம் உண்டு, ஆனால் அது காப்பகம். வரப்பில் இருந்த முருங்கையை மாப்பிள்ளை வேண்டுமென்றே காட்டினான்.

ஏர்வாடிப் பக்கம் அவன் கல்லூரித் தோழன் வீட்டுத் தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில், டென்ட் போட்டான். அந்த டென்ட்டுக்கு முளை தேவையில்லை, கம்பியை வளைத்தால் தானே நிற்கும். கொசுவுக்குப் பயந்து நானும் உள்ளே போனேன். இரண்டு பேர், ஒரு சின்ன ஜன்னல், பகலெல்லாம் வெயில் குடித்த சிமென்ட் தளம். ஹேமக் தலைக்கு அடியில் தலையணையாகக் கிடந்தது. இன்றைய ராத்திரி டென்ட்டுக்குத்தான் என்று அவன் சத்தமாகச் சொல்லிவிட்டு உடனே தூங்கியும் போனான்.

ஞாயிறு, திசையன்விளைப் பக்கத்துத் தேரி

வள்ளியூர் வந்து திசையன்விளை பஸ். வழியெல்லாம் காற்றாலை. இடையன்குடியில் கால்டுவெல் கட்டிய தேவாலயத்தை எட்டிப் பார்த்தோம். 1841-ல் சென்னையிலிருந்து பெரும்பாலும் நடந்தே வந்து சேர்ந்த மனிதர். அவர் பையில் என்ன எடை இருந்திருக்கும் என்று மாப்பிள்ளை கேட்டான். நல்ல கேள்வி.

தேரியை முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு: செக்கச் சிவந்த மணல், மேடும் பள்ளமுமாக, காற்று அள்ளிக் கொண்டுவந்து கொட்டியது. மணல் பருக்கைகளுக்கு இரும்புத் துரு மேல்பூச்சு, அந்த நிறம் அதனால். நடந்தால் கணுக்கால் வரை உள்ளே போகும். பனை, கொல்லாமரம் என்கிற முந்திரி, உடை. உடைமரத்து முள் வெள்ளையாக, விரல் நீளத்துக்கு, எல்லா இடத்திலும் உதிர்ந்து கிடக்கும். டென்ட்டின் தரைத்துணிக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது.

பனைவிளைக்குச் சொந்தக்காரரிடம் முதல் நாளே சொல்லியிருந்தோம். அவர் ஒரு பனையேறி அண்ணாச்சியைத் துணைக்கு அனுப்பினார். பதநீர் இறங்கும் காலம் இன்னும் வரவில்லை, அவர் பாளைகளைப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும், நெஞ்சிலும் முன்கையிலும் மரம் உரசிய காய்ப்பு. என் பட்டையை வாங்கி, தையல் இருந்த இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பிப் பார்த்தார். இரண்டு கையிலும் சுற்றி வெட்டி இழுத்தார். காதருகே வைத்து நாடாவைச் சுண்டினார். பிறகு தன் தளைநாரை எடுத்து என்னிடம் கொடுத்தார். இரண்டு பாதத்தையும் சேர்த்து மாட்டிக்கொண்டு மரத்தைக் கவ்வி ஏறுகிற நார் வளையம், உபயோகித்து உபயோகித்துக் கறுத்து எண்ணெய் வடிந்தது. "இது அந்து போச்சுன்னா நான் போயிருவேன். ஒங்களது அந்தா ஒண்ணரை அடிதான விழுவிய" என்றார். அந்த ஒன்றரை அடியை அவர் கண்ணாலேயே அளந்திருந்தார். உட்கார்ந்தால் நாற்காலி உயரம். அதற்கு மேல் கட்டக் கூடாது என்பதுதான் விதி.

மரம் தேர்ந்தது முழுக்க அவர்தான். நான் காட்டிய முதல் ஜோடியில் ஒரு பனைக்குக் கீழ்வரை காய்ந்த ஓலை தொங்கியது. "காவோலை இருக்கிற மரத்துல கெட்டப்படாது. காத்துல மட்டையோட வரும்." விழுந்து கிடந்த கருக்குமட்டை ஒன்றை எடுத்து, அதன் பல் விளிம்பை என் ஹேமக் துணிக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்துக் காட்டினார். ரம்பம்தான். துணியும் வேண்டாம், பட்டையும் வேண்டாம், ஆளுக்கே ஆகாது. கடைசியில் அவரே கழித்துச் சுத்தமாக வைத்திருந்த இரண்டு பனைகளுக்கு நடுவே காலால் அடி அளந்து நின்றார். பனந்தண்டில் பட்டை நன்றாகப் பிடிக்கிறது. பழைய மட்டைத் தழும்பு வளையம் வளையமாக இருப்பதால் வழுக்கிக் கீழே வரவே இல்லை. முந்தாநாள் மாந்தோப்பைவிட இதில்தான் ஆட்டமும் குறைவு. இத்தனை நாளும் பனையைப் பதநீருக்கும் நுங்குக்கும் மட்டும் நினைத்தவன் நான்.

படுக்கைக்கு முளை வேண்டாம், தார்ப்பாய்க்கு வேண்டும். தேரியில் முளை என்பது வெறும் சடங்கு. ஓர் இழுப்பில் கையோடு வந்துவிடும். இதற்கு மணலில் ஒரு வழி உண்டு. முழங்கை நீளக் கம்பின் நடுவில் கயிற்றைக் கட்டி, ஒரு முழம் ஆழக் குழியில் கம்பைக் குறுக்காகக் கிடத்தி, மணலைத் தள்ளி மிதித்துவிட வேண்டும். இழுக்க இழுக்க மணல்தான் அதை அமுக்கும். நாலு மூலைக்கும் அப்படியே செய்தேன். வாடைக்காற்று அடிக்கிற பக்கம் தார்ப்பாயை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தி, எதிர்ப்பக்கம் உயர்த்திவிட்டேன்.

மாப்பிள்ளைக்கும் சொன்னேன். அவன் ஒரு மூலைக்குக் கம்பு புதைத்தான், பசி வந்ததும் மற்ற மூலைகளுக்கு முளையையே அடித்துவிட்டு வந்தான். "நான்தான உள்ள படுக்கேன் மாமா, என் வெயிட்டு போதும்."

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் காற்று பிடித்தது. பனங்காட்டுக் காற்றுக்குச் சத்தம் அதிகம். ஓலையும் ஓலையும் உரசுவதில் மழையே வந்துவிட்டதென்று மூன்று தடவை ஏமாந்தேன். ஹேமக் மெல்ல ஆடியது. தலைமாட்டிலிருந்து ஒரு கயிற்றைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டியதும் அதுவும் நின்றது. பகலில் பாதத்தைச் சுட்ட மணல் அதற்குள் குளிர்ந்துவிட்டது. செருப்பைத் தரையில் விடாமல் பட்டையிலேயே மாட்டியிருந்தேன். தேள் உள்ள ஊர்.

நடுச்சாமத்தில் "மாமா" என்று ஒரு சத்தம். டார்ச் வெளிச்சத்தில் டென்ட் அவன் மேலேயே கவிழ்ந்து, உள்ளே ஒரு முழங்கை மட்டும் முட்டிக்கொண்டு நின்றது. முளைகள் மூன்றும் கயிற்றோடு பறந்துகொண்டிருந்தன. வெளியே வந்தவன் உள்ளங்காலில் உடைமுள். பிடுங்கி, கழுவி, இரண்டு கட்டைப்பையில் மணலை ரொப்பி டென்ட்டின் மூலைகளில் வைத்து ஒருவழியாக நிறுத்தினோம். அவன் அதற்குள் போகவில்லை. என் ஹேமக்கில் ஏறி, குறுக்காகச் சாய்ந்து, "ஒரு அஞ்சு நிமிசம்" என்றான். விடிந்தபோது பனையேறி அண்ணாச்சி வந்து பார்க்கையில் நான் மணல் மூட்டை காவலோடு டென்ட்டுக்குள் இருந்தேன்.

திங்கள், உவரி, திரும்புகிற பஸ்

தேரியிலிருந்து உவரிக்கு ஆட்டோ. சுயம்புலிங்க சுவாமி கோயிலில் பெட்டியில் கடல்மண் சுமக்கிற பெண்கள், கொஞ்சம் தள்ளிக் கப்பல் வடிவத்தில் மேலே ஆகாயவிமானத்தோடு நிற்கிற கப்பல் மாதா கோயில். கடற்கரையில் ஹேமக் கட்ட ஒரு ஜோடி மரம்கூடத் தோதாக இல்லை. கரையேற்றிய வள்ளங்களுக்கு நடுவே கட்டலாமே என்றான் மாப்பிள்ளை. வள்ளத்துக்காரர் ஒருவர் அவனைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை முடிந்தது.

கேட்காமலே சொல்கிறேன்: நான் டென்ட்டை விற்கப் போவதில்லை. வாழைச் சீமைக்கும் கடற்கரைக்கும், மரத்தையெல்லாம் பறவைகள் எடுத்துக்கொண்ட கூந்தன்குளத்துக்கும் அது வேண்டும். மற்றபடி மலையடியிலிருந்து தேரி வரை, வருஷத்தில் முக்கால்வாசி மாதம் ராத்திரி புழுங்குகிற நம் சீமைக்கு ஹேமக்தான் பொருத்தம். போன் போட்டுக் கேட்க ஒரு தோப்புக்காரரும், அண்ணாந்து பார்க்க ஒரு தாத்தாவும் வேண்டும், அவ்வளவுதான்.

பஸ்ஸில் மாப்பிள்ளை ஹேமக்கை அடுத்த மாதக் கல்லூரி டூருக்குக் கேட்டான். துணியும் தார்ப்பாயும் தருகிறேன், பட்டையை நீயே வாங்கு என்றேன். அவனவன் உயிர் தொங்குகிற பட்டையை அவனவன்தான் பார்த்து வாங்க வேண்டும். ஓர் அங்குலப் பாலியஸ்டர் நாடா. நைலான் வேண்டாம், நனைந்தால் நீளும், விடியும்போது இடுப்பு தரையைத் தொடும். சாவிக்கொத்தில் போடுகிற அலுமினியக் கொக்கியை மாட்டக் கூடாது, அது சாவியைத்தான் தாங்கும். டவுனில் பை தைக்கிற கடைகளில் நாடா சுருளாகக் கிடைக்கும், ஆளுக்கு நாலு மீட்டர் வீதம் இரண்டு துண்டு, ஓரத்தைத் தீயில் காட்டிக் கருக்கிவிட்டுத் தைக்கச் சொல். அவன் எல்லாவற்றையும் போனில் எழுதிக்கொண்டான். ஜங்ஷனில் இறங்கியதும் டென்ட்டை என் கையில் கொடுத்துவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டான்.